பால்சுறாவும் அல்லூர்க் கோரையும்

சுறாத்தோலைத் தலையிலிருந்து வாலை நோக்கித் தடவினால் கை வழுக்கிக்கொண்டு போகும். வாலிலிருந்து தலைப்பக்கம் தடவினால் உள்ளங்கை உரிந்துவிடும். சேற்றுநிலக் கோரையின் இலையும் அப்படித்தான். அடியிலிருந்து நுனிக்கு விரலை ஓட்டினால் ஒன்றும் செய்யாது. நுனியைப் பிடித்து அடிப்பக்கம் இழுத்தால் இரத்தம் வரும். சுறாவின் மேலே இருப்பவற்றைச் செதில் என்கிறோம். அவை கட்டுமானத்தில் பற்களேதான்: நடுவில் கூழ், அதைச் சுற்றிப் பல்திசு, அதற்கும் மேலே எனாமல் போன்ற பூச்சு, எல்லாம் வாலைப் பார்த்துப் படுத்திருக்கும். கோரையின் விளிம்பில் இருப்பவை, மண்ணிலுள்ள சிலிக்காவை வேர்வழியாக உறிஞ்சி மேலே கொண்டுவந்து செடி கட்டிக்கொண்ட நுண்முட்கள். அவை நுனியைப் பார்த்துச் சாய்ந்திருக்கும். சுறாக்குலம் கடலுக்கு வந்து நாற்பது கோடி ஆண்டுகளுக்கு மேலாகிறது, நிலத்தில் மரம் என்று ஒன்று நிற்பதற்கு முன்பே. கோரைக் குடும்பம் தலையெடுத்தது டைனோசர் காலத்தின் கடைசிப் பகுதியில். இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனாலும் ஒன்றை நினைத்தால் மற்றது பக்கத்தில் வந்து நின்றுகொள்கிறது. பல வருஷங்களாக இப்படித்தான். இது வெறும் நினைவுப் பிசகு என்று ஒதுக்கப் பார்த்தேன், முடியவில்லை. இரண்டையும் சேர்த்து நினைக்கும்போது மனசுக்குள் ஏதோ நெருடுகிறது, அது என்ன என்று தெரிந்துகொள்ளத்தான் இதை எழுதுகிறேன்.

நான் பிறந்து வளர்ந்தது மலேசியாவின் நெகிரி செம்பிலானில், ரந்தாவுக்கும் சிலியாவுக்கும் நடுவிலிருந்த ஒரு ரப்பர்த் தோட்டத்தில். அங்கே பிள்ளை பெற்றவள் இருக்கும் வீட்டுக்குச் சுறா வந்தாக வேண்டும். போர்ட்டிக்சன் பக்கமிருந்து மோட்டார் சைக்கிளில் பெட்டி கட்டிக்கொண்டு வரும் சீன மீன்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவைப்பார்கள். பெரிய சுறா உதவாது. முழங்கை நீளமுள்ள பால்சுறாதான் வேண்டும். மஞ்சள் போட்டு அவித்து, சூடு ஆறுவதற்குள் மணல்போன்ற தோலைச் சுரண்டியெடுத்து, முள்ளை நீக்கிச் சதையை உதிர்த்து, சின்ன வெங்காயமும் பூண்டும் தாராளமாகப் போட்டு, மிளகு தட்டிச் சேர்த்து வதக்கினால் புட்டு. சுறா அவியும்போது எழும் வாடை வேறு மீனில் வராது. கடலின் உப்பு தன் உடம்புத் தண்ணீரை இழுத்துக்கொள்ளாமலிருக்கச் சுறா யூரியாவை இரத்தத்திலும் சதையிலும் தேக்கி வைத்திருக்கிறது. செத்தபின் அது அம்மோனியாவாக மாறும். தொழிலாளர் வரிசைவீடான லயத்தின் ஒரு கோடியில் அவித்தால், மறுகோடியில் இருப்பவர்களுக்குப் பிள்ளை பெற்ற வீடு எது என்று தெரிந்துவிடும். அதே வீட்டில் கோரைக்கிழங்கும் அரைபடும். பச்சைக் கிழங்கை அரைத்து மார்பில் பற்றுப்போட்டால் பால் சுரக்கும் என்பது கப்பலேறி வந்தவர்கள் கூடவே கொண்டுவந்த நாட்டு வைத்தியம். காய்ந்த கிழங்கு பிள்ளையைக் குளிப்பாட்டும் பொடியில் சேரும். உடைத்து முகர்ந்தால் கற்பூரம் கலந்த மண் மணம். அம்மோனியா ஒருபக்கம், இந்த மணம் ஒருபக்கம், நடுவில் வெந்நீர் ஆவி: பிள்ளை பெற்ற வீட்டுக்குள் நுழைந்தால் மூக்குக்கு முதலில் தட்டுப்படுவது இந்தக் கலவைதான்.

இவை உண்மையிலேயே பால் சுரக்க வைத்தனவா என்று கேட்டால், என்னால் அடித்துச் சொல்ல முடியாது. பெற்றுப் பிழைத்த உடம்புக்குப் புரதம் வேண்டும், சுறாவில் அது நிறைய இருக்கிறது. தோட்டத்துப் பெண்ணுக்கு மற்ற நாளில் கிடைத்தது சோறும் கருவாடும் ரசமும். பிள்ளை பெற்ற சில வாரங்களில் மட்டும்தான் வீட்டிலேயே நல்ல மீன் துண்டு அவள் தட்டுக்கு வந்தது. மற்ற நாளில் அது ரப்பர்ப் பால்வெட்டப் போன ஆண்களுக்கும் பிள்ளைகளுக்கும் போய்விடும். அப்படிப் பார்த்தால் மருந்து சுறாவில் இருந்ததா, அவளுக்கென்று ஒரு பங்கை ஒதுக்கிய வழக்கத்தில் இருந்ததா என்பது பிரித்துச் சொல்ல முடியாத விஷயம். இன்னொரு பக்கமும் இருக்கிறது. சுறா மற்ற மீனைத் தின்று வாழ்வதால் கடலில் கரைந்திருக்கும் பாதரசம் அதன் சதையில் சேர்கிறது. பிள்ளைத்தாய்ச்சிகளும் பால் கொடுப்பவர்களும் தவிர்க்க வேண்டிய மீன் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் வைத்திருக்கும் பட்டியலில் சுறாவும் உண்டு. சின்னச் சுறாவில் அளவு குறைவாக இருக்கலாம். இருந்தாலும் என் பாட்டி தன் மருமகளுக்கு ஆசையோடு ஊட்டிய ஒன்றை, இன்றைக்கு என் மகளுக்குக் கொடுக்க என் கை தயங்கும். பாட்டியின் அன்பில் குறையில்லை, கடல்தான் மாறிவிட்டது.

ஒரு காட்சியைச் சொல்லியாக வேண்டும். சித்திக்குப் பிள்ளை பிறந்திருந்தது. வந்திறங்கிய சுறாவை அம்மா வீட்டுப் பின்புறம் அல்லூர் என்கிற வாய்க்கால் ஓரமாக உட்கார்ந்து கழுவினாள். அல்லூரின் இரண்டு கரையிலும் ஆள் உயரக் கோரை, முக்கோணத் தண்டு, நுனியில் வெள்ளைவெளேரென்று சின்னச் சின்ன விதைகள். அரிவாள்மனையில் வயிற்றைக் கீறியதும் குடலோடு குட்டிகளும் சரிந்தன. ஆள்காட்டி விரல் நீளம்தான் இருக்கும். கண் தெரிந்தது, செவுள் பிளவுகள் தெரிந்தன, ஒவ்வொன்றின் தொண்டைக்குக் கீழே நூல்போல ஒரு கொடி. இரண்டு மூன்று அல்லூர்த் தண்ணீரில் விழுந்து, கோரை அடித்தூரில் போய் மாட்டிக்கொண்டன. அம்மாவின் கை நின்றுவிட்டது. “அத்த, இது புள்ளத்தாச்சியால்ல இருக்கு. பெத்து வந்தவளுக்கு இதயா ஆக்கிக் குடுக்கறது?” என்றாள். பாட்டி திண்ணையிலிருந்தே, “மீனு பாவம் நாம சுமக்கறதுதான். பச்சப்புள்ள பாலுக்கு அழுவுது, ஆக்கும்மா” என்றாள். அம்மா ஆக்கினாள். அன்றைக்கு அவள் அதைத் தொடவில்லை. கோரையில் மாட்டியிருந்த குட்டிகளை எடுக்க நான் தண்ணீரில் இறங்கியபோது முழங்காலுக்குக் கீழே கோரை கீறி, சாயங்காலம்வரை எரிந்தது.

அந்தக் கொடியைப் பற்றிப் பின்னாளில்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். பால்சுறா, ஸ்கோலியோடன் என்ற பேரினத்தைச் சேர்ந்தது. கரையை ஒட்டிய கலங்கல் நீரிலும் ஆற்றுமுகங்களிலும் கூட்டமாகத் திரியும். மீன்கள் பெரும்பாலும் தங்கள் குஞ்சுக்கு வேண்டியதை முட்டையின் மஞ்சள் கருவில் கட்டிக்கொடுத்து அனுப்பிவிடும். இதன் முட்டையோ ஒரு மில்லிமீட்டர் அளவு, மஞ்சள் கரு இல்லை என்றே சொல்லலாம். கொடுத்தனுப்ப எதுவும் இல்லாததால் தாய் தன் இரத்தத்திலிருந்தே ஊட்டுகிறது. நஞ்சுக்கொடி உண்டாகி, ஐந்தாறு மாதம் சுமந்து, ஆறிலிருந்து பதினெட்டுக் குட்டிவரை போடுகிறது. நான் பார்த்த நூல் தொப்புள்கொடியேதான். பெற்றவளுக்குப் பால் சுரக்கட்டும் என்று நம் ஆட்கள் தேடித்தேடி வாங்கிய மீன், மீன்களிலேயே பெண்ணின் கருப்பைக்கு மிக நெருங்கி வரும் ஒன்றாக இருந்திருக்கிறது. யாரோ ஒரு காலத்தில் வயிற்றைக் கீறிப் பார்த்து, இதற்கு ஒரு சக்தி இருக்கிறது என்று நம்பத் தொடங்கியிருப்பார்களோ என்று தோன்றும். இது என் ஊகம்தான். கானாங்கெளுத்தி பல்லாயிரக்கணக்கில் முட்டையிடும். அதில் பெரும்பங்கு போனாலும் மீதி போதும். பால்சுறாவுக்கு அந்தக் கணக்கு செல்லாது. சுறாக்களில் இது சீக்கிரம் பருவத்துக்கு வருவது, ஒன்றிரண்டு வருஷத்தில் குட்டி போட ஆரம்பித்துவிடும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். சினைப்பட்ட ஒன்று இழுவை வலையில் வந்தால் அதோடு அடுத்த தலைமுறையும் வந்துவிடுகிறது என்பது மட்டும் மாறாது. மலேசியாவில் திமிங்கலச் சுறாவுக்கு 1999-இலும், பெரிய கொம்பன் சுறா உள்ளிட்ட வேறு சிலவற்றுக்கு 2019-இலும் சட்டப் பாதுகாப்பு கிடைத்தது. பால்சுறா அந்தப் பட்டியலில் இல்லை. 2022-இல் பனாமாவில் கூடிய சைட்டிஸ் மாநாடு அதன் குடும்பம் முழுவதையும் நாடுவிட்டு நாடு போகும் வணிகத்துக்கான கட்டுப்பாட்டின்கீழ் கொண்டுவந்தது. உள்ளூர்ச் சந்தைக் கூடைக்கு அந்தக் கட்டுப்பாடு வராது.

கோரையின் கதை இதற்கு நேர் எதிர். தோட்டத்துப் பேச்சில் அல்லூரில் நிற்பதும் கோரைதான், பாதையோரம் சாண் உயரத்தில் கருஞ்சிவப்புப் பூவோடு நிற்பதும் கோரைதான். பின்னதுதான் கிழங்குக் கோரை, உலகத்தின் கொடிய களைகளை வரிசைப்படுத்தி 1977-இல் வந்த ஹோம் குழுவினரின் நூலில் முதலிடம் பெற்றது. என் அம்மா வெளிக்காட்டு வேலைக்காரி. விடியற்காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய், மண்டோர் என்னும் மேற்பார்வையாளர் பிரித்துவிடும் நிரையில் களையெடுக்கக் குனிந்தால் நிமிர மத்தியானமாகும். நாற்றங்காலிலும் இளங்கன்று நட்ட காட்டிலும் கோரையோடு அவளுக்குத் தீராத வழக்கு. மண்ணுக்கடியில் கிழங்குகள் சரம்சரமாகக் கோத்துக்கொண்டு கிடக்கும். சரத்தின் முனையில் ஒன்று முளைத்திருக்கும்வரை மற்றவை உறங்கும். மண்வெட்டி விழுந்து சரம் அறுந்தால், தூங்கிக்கொண்டிருந்த ஒவ்வொன்றும் தனித்தனியாக முளைக்கும். ஆக, அம்மா வெட்டியதே அதை விதைத்ததாகவும் ஆனது. பிறகு மருந்தடிக்கிற வேலை வந்தது. முதுகில் மருந்துத் தோம்பு, கையில் குழாய், முகத்தில் ஒரு பழந்துணி. பாராகுவாட் என்ற களைக்கொல்லி பட்ட இலை ஓரிரு நாளில் கருகும், கிழங்குக்கு ஒன்றும் ஆகாது. மருந்து அம்மாவின் விரல் நகங்களைத்தான் வெளுத்து உதிர வைத்தது. அந்த மருந்தை அரசாங்கம் 2002-இல் தடைசெய்தது, 2006-இல் தடையைத் தளர்த்தியது, பிறகு 2020 ஜனவரி முதல் தேதியிலிருந்து மறுபடி தடைசெய்தது. நடுவே போன வருஷங்களில் எத்தனை பெண்களின் நகமும் நுரையீரலும் போயின என்று யாரும் எண்ணவில்லை. கோரைக்கு நோவு தருவது ஒன்றே ஒன்றுதான். ரப்பர் வளர்ந்து நிழல் கட்டிவிட்டால் அது மெலிந்து, கூசி, பாதையோரத்துக்கு ஒதுங்கிவிடும். வெட்டும் விஷமும் செய்யாததை நிழல் செய்துவிடும்.

இப்போது நெருடலுக்கு வருகிறேன். நம் மேடைகளில் ஒரு பாராட்டு உண்டு. தோட்டத் தமிழர்களைப் பற்றிப் பேசவருகிறவர்கள் குரலை உயர்த்தி, “நாம் கோரை மாதிரி, வெட்ட வெட்ட முளைப்போம்” என்பார்கள். கூட்டம் கைதட்டும். நானும் தட்டியிருக்கிறேன். அதில் பொய்யும் இல்லை. மலேரியாவைத் தாண்டி, சயாம் மரண ரயில்பாதையைத் தாண்டி, தோட்டங்களைக் கூறுபோட்டு விற்ற துண்டாடலைத் தாண்டி நிற்கிற சனம் அப்படிச் சொல்லிக்கொள்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் இந்த உவமையை முதலில் நம்பியது நாம் அல்ல என்று எனக்கு இப்போது படுகிறது. 1907-இல் மலாயாவில் குடியேற்ற நிதி என்று ஒன்றை ஏற்படுத்தினார்கள். முதலாளிகள் தங்களிடம் வேலைசெய்யும் இந்தியர்களின் கணக்குக்கு ஏற்றபடி அதில் பணம் கட்டுவார்கள். அந்தப் பணத்தில் நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் ஆட்கள் இலவசமாகக் கப்பலேற்றப்படுவார்கள். 1910-இல் ஒப்பந்தக் கூலிமுறை நின்றது, ஆள்திரட்டும் கங்காணி முறை ஓங்கியது. 1938-இல் இந்திய அரசு தடுத்து நிறுத்தும்வரை அது நீடித்தது. காடழித்த சரிவுகளில், வெயில் படும் தெளிந்த ஓடைகளில் மலேரியாக் கொசு பெருகி ஆட்கள் சாகச் சாக, அடுத்த கப்பலில் அடுத்த சரம் வந்துகொண்டிருந்தது. சாகிறவரைக் காப்பாற்றுவதைவிடப் புதியவரை வரவழைப்பது மலிவு என்ற கணக்கு வேலைசெய்தால், அந்தக் கணக்குப்படி மனிதன் கோரைதான். 1942-க்குப் பிறகு ஜப்பானியர்களும் அதே கணக்கைத்தான் போட்டார்கள். தோட்டங்களிலிருந்து சயாம் ரயில்பாதை வேலைக்கு லாரி லாரியாக அள்ளிக்கொண்டுபோனார்கள். 1943 அக்டோபரில் பாதை முடிந்தபோது போனவர்களில் ஏராளமானோர் காட்டிலேயே கிடந்தார்கள்.

உண்மையில் நாங்கள் வளர்ந்த விதம் சுறாவைச் சேர்ந்தது. ஒவ்வொரு பிள்ளையும் ஒரு தாயின் இரத்தத்தை உறிஞ்சி, ஒரு பாட்டியின் தூக்கத்தை வாங்கி, ஆயாக் கொட்டகையின் துணித் தொட்டிலில் பாலுக்காகக் காத்திருந்து, பத்துமணிக்குப் பால்வெட்டுவதை நிறுத்திவிட்டு ஓடிவரும் அம்மாவின் நனைந்த சட்டையில் வாய் வைத்து வளர்ந்தது. அப்படி வளர்ந்ததில் ஒன்று போனால் அந்த இடத்தில் இன்னொன்று முளைக்காது. இதைச் சொல்லும்போதே எனக்குச் சந்தேகமும் வருகிறது. அழிந்துவருகிறது என்பதாலேயே சுறாவை உயர்த்தி, எங்கும் கிடைக்கிறது என்பதாலேயே கோரையைத் தாழ்த்துகிறேனா? கோரை தன் வேருக்குக் காற்றை எப்படி அனுப்புகிறது என்று பார்த்தால் அதன் மேலும் மரியாதை வருகிறது. சேற்றுக்குள் பிராணவாயு இருக்காது. ஈரநிலக் கோரை தன் தண்டுக்குள்ளும் வேருக்குள்ளும் வெற்றறைகளை விட்டுவைத்து, இலையிலிருந்து காற்றைக் கீழே இறக்குகிறது. வேர் நுனியைச் சுற்றியுள்ள சேறுகூட அந்தக் காற்றால் துருநிறம் கொள்ளும். பகாவுக்கு அப்பால், பகாங் மாநிலத்தில் இருக்கும் தாசிக் பேரா, 1994-இல் மலேசியாவின் முதல் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. அங்கே லெப்பிரோனியா என்ற கோரை ஏக்கர் ஏக்கராக நிற்கிறது, அதனடியில் மீன் குஞ்சு பொரிக்கிறது, செமலாய் மக்கள் அந்த நீரை நம்பியே வாழ்ந்துவந்திருக்கிறார்கள். கோரையின் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஒரு மனிதக் கூட்டத்தைப் பார்த்து, இவர்களை எப்படி வெட்டினாலும் பரவாயில்லை என்று எண்ண வைக்கும் அந்த ஒப்பீட்டின்மேல்தான் குறை. அந்த எண்ணம் எதிராளிக்கு வந்தால் கொடுமை. நமக்கே வந்து, நாமே அதைப் பெருமையாகப் பாடினால் அதை என்னவென்று சொல்வது?

ரப்பரை அழித்துச் செம்பனை போட்டார்கள். செம்பனைக்கு ஆள் குறைவாகப் போதும், வருகிற ஆட்களும் வங்காளதேசத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வருகிறார்கள். லயங்கள் காலியாகி, பிறகு இடிக்கப்பட்டன. நீலாய், லாபு பக்கமெல்லாம் தோட்டம் போய் வீட்டுமனை வந்தது. மலாய்க்காரர்கள் செண்டாயான் என்று சொல்வது அல்லூர்க் கோரையைப் போன்ற, கைகிழிக்கும் ஒரு கோரையை. அதே பெயரில் சிரம்பானுக்குப் பக்கத்தில் இருக்கும் ஊர் இன்று வரிசை வரிசையாக வீடுகள் நிற்கும் பட்டணமாகிவிட்டது. அங்கே கான்கிரீட் அல்லூர்களின் வெடிப்பில்கூடக் கோரை தலைநீட்டுகிறது, பார்த்திருக்கிறேன். அங்கிருந்த தோட்ட சனத்தில் யார் எங்கே போனார்கள் என்றுதான் சொல்ல ஆளில்லை. சிலர் மலிவுவிலை அடுக்குமாடிக்கு, சிலர் கோலாலம்பூருக்கு, சிலர் எந்த முகவரிக்கும் அகப்படாமல். வெட்ட வெட்ட முளைப்போம் என்றோமே, வேரோடு எடுத்து வேறிடத்தில் கொட்டினபோது நாம் முளைத்தது குறைவு. நிழல் விழுந்த இடத்தில் ஒதுங்கினோம். போர்ட்டிக்சன் மீன்சந்தையிலும் இப்போது சுறா கேட்டால் பெரும்பாலும் தரையோடு கிடக்கும் மூங்கில் சுறாவைத்தான் எடுத்துக் காட்டுகிறார்கள். பால்சுறா வந்த அன்றைக்கு அள்ளிக்கொண்டு போக நம் வீட்டுப் பெண்கள் இன்னும் இருக்கிறார்கள். வாங்காதீர்கள் என்று அவர்களிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வயிற்றில் குட்டி இருக்கிறதா என்று மட்டும் தொட்டுப் பார்க்கச் சொல்லிவருகிறேன். மீன்காரருக்கு அது பிடிப்பதில்லை.

என் பாட்டி பதினோரு பிள்ளை பெற்றாள், தங்கியது நாலு. போன ஏழில் ஐந்துக்குத்தான் பெயர் வைத்திருந்தார்கள். அந்தப் பெயர்களை அவள் சாகும்வரை வரிசை மாறாமல் சொல்லுவாள், ஒவ்வொன்றும் எந்தக் காய்ச்சலில், எந்த மழையில், எந்தத் துரை காலத்தில் போனது என்பதோடு. தோட்டத்தில் ஆள்கணக்கு எழுதும் செக்ரோல் புத்தகத்தில் அவள் பேருக்கு நேரே இருந்தது வேலைசெய்த நாளும் கூலியும் மட்டும். அந்தப் புத்தகங்களும் இன்று பெரும்பாலும் இல்லை. உங்கள் வீட்டில் தோட்டத்தில் பிள்ளை பெற்ற கிழவி ஒருத்தி இன்னும் உயிரோடு இருந்தால், இந்த வாரமே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, எத்தனை பெற்றாய், எத்தனை தங்கியது, போனவற்றுக்கு என்ன பெயர் என்று கேட்டு எழுதிவையுங்கள். தேதியும் தோட்டத்தின் பெயரும் சேர்த்து எழுதுங்கள்.